தலைவர் விமானத்துக்கு மட்டும் ஏன் கலர்?

என் மைத்துனன் வீட்டுக்கு வந்தால் முதலில் ஃபிரிட்ஜைத் திறப்பான், அப்புறம் நேராக என் மாடல் அலமாரி முன்னால் போய் நிற்பான். பிளாஸ்டிக் விமானங்களில் அவனுக்கு எந்த ஆர்வமும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கேள்வி கேட்டு என்னைச் சீண்டாமல் போகமாட்டான். போன தடவை கண்ணில் பட்டது அமெரிக்கக் கடற்படையின் ஜாலி ராஜர்ஸ் ஸ்குவாட்ரனின், அதாவது விமானப் படைப்பிரிவின், சூப்பர் ஹார்னெட் சண்டை விமானம். பக்கத்தில் இருந்த மற்ற ஹார்னெட்டுகள் எல்லாம் சாம்பல் நிறம். இது மட்டும் கறுப்பு வால், அதில் வெள்ளை வெளேரென்று மண்டையோடு, கீழே குறுக்கு எலும்பு, மூக்கில் 200 என்ற எண். "ஏன் மாமா, இது ஒண்ணுக்கு மட்டும் இவ்வளவு அலங்காரம்?" என்றான். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் இருக்கும் எல்லா ஸ்குவாட்ரன்களுக்கும் சேர்த்து ஒரு தளபதி உண்டு, அவரை கேக் (CAG, விமானக் குழுத் தளபதி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று கூப்பிடுவார்கள், ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் ஒரு விமானம் அவர் பெயரில் இருக்கும், அதன் எண் சைபர் சைபரில் முடியும், அதற்கு மட்டும்தான் முழு வண்ணம் என்று சொன்னேன். அவன் ஒரு வங்கியில் இருக்கிறான். "ஓ, எங்க ஜோனல் மேனேஜருக்குத் தனி கேபின், தனி ஏசி, தனி கார் பார்க்கிங். அதே கதைதானா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

அது பாரம்பரியம், உனக்குப் புரியாது என்று அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி உள்ளேயே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், கிட் பெட்டியைத் திறந்தால் டெக்கல் தாளில், அதாவது மாடலில் ஒட்டும் சின்னங்களும் எண்களும் அச்சிட்ட தாளில், முதலில் வருவது தலைவர் விமானம்தான். பெட்டி மேல் படமும் அதுதான். நாமும் யோசிக்காமல் அதையே ஒட்டி முடிக்கிறோம். ஒரு ஸ்குவாட்ரனில் பத்துப் பன்னிரண்டு விமானம் இருந்தால், அதில் ஒன்று மட்டும் உலகம் முழுக்க அலமாரிகளில் உட்கார்ந்திருக்கிறது. இது வெறும் மேலதிகாரி மோகம்தானா? அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் மெனக்கெட்டு வண்ணம் பூசிக்கொண்டிருந்தது ஒருத்தருடைய தனி கேபினுக்கா?

மஞ்சள் இறக்கைக் காலம்

பதிலைத் தேடினால் 1930-களுக்குப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கடற்படை விமானங்களின் வரலாற்றில் அதைவிட வண்ணமயமான காலம் கிடையாது. மேல் இறக்கை முழுக்க ஆரஞ்சு கலந்த மஞ்சள். என்ஜின் நின்று கடலில் இறங்க நேர்ந்தால், தேடி வருகிறவர் கண்ணில் அந்த மஞ்சள் படவேண்டும் என்பதுதான் காரணம். 1937 முதல் வால் நிறம் கப்பலைச் சொன்னது. லெக்சிங்டனுக்கு எலுமிச்சை மஞ்சள், சாரடோகாவுக்கு வெள்ளை, ரேஞ்சருக்குப் பச்சை, யார்க்டவுனுக்குச் சிவப்பு, என்டர்பிரைஸுக்கு நீலம், பிறகு வந்த வாஸ்ப்புக்குக் கறுப்பு. அதற்கு முன்னால் ஸ்குவாட்ரனுக்கு ஒரு வால் நிறம் என்று இருந்தது. ஸ்குவாட்ரன் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் குழப்பம் வந்திருக்கும் போல, மாற்றிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது என்ஜின் மூடி. ஒரு ஸ்குவாட்ரனில் 18 விமானம், அதை மூன்று மூன்றாக ஆறு பிரிவாகப் பிரிப்பார்கள். முதல் பிரிவுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு வெள்ளை, அப்புறம் நீலம், கறுப்பு, பச்சை, எலுமிச்சை மஞ்சள். பிரிவுத் தலைவரின் விமானத்துக்கு என்ஜின் மூடி முழுக்க அந்த நிறம், கூடவே உடம்பைச் சுற்றி அதே நிறத்தில் அகலமான ஒரு பட்டை. இரண்டாவது விமானத்துக்கு மூடியின் மேல் பாதி மட்டும். மூன்றாவதுக்குக் கீழ் பாதி மட்டும். இவ்வளவுதான் விதி. இதை மனதில் வைத்துக்கொண்டால், எண்ணே தெரியாத ஒரு படத்தைப் பார்த்தும் ஆளைச் சொல்லிவிடலாம். வால் வெள்ளை, என்ஜின் மூடியின் கீழ் பாதி கறுப்பு என்றால், சாரடோகா கப்பல், நான்காவது பிரிவு, மூன்றாவது விமானம், ஆகவே 12-ஆம் எண். வால் நீலம், மூடி முழுச் சிவப்பு, உடம்பில் சிவப்புப் பட்டை என்றால், அது என்டர்பிரைஸில் ஒரு ஸ்குவாட்ரனின் முதல் விமானம், அதாவது ஸ்குவாட்ரன் தலைவர். நான் சில சாயங்காலங்களை இந்தக் கணக்குப் போடுவதிலேயே கழித்திருக்கிறேன். சுடோகுவைவிட நன்றாக இருக்கும்.

கவனித்தால் இங்கே தலைவருக்கு மட்டும் வண்ணம் இல்லை, எல்லோருக்கும் வண்ணம் இருக்கிறது. தலைவருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பட்டை, அவ்வளவுதான். அது அவருடைய பெருமைக்காக வைத்ததும் இல்லை. மேகத்துக்குள் போய் வந்த பிறகோ, பயிற்சித் தாக்குதலில் சிதறிய பிறகோ, 17 பேர் மறுபடி ஒன்றுசேர வேண்டும். ரேடியோ இருந்தாலும் அதை நம்பி எதுவும் செய்ய முடியாது, பெரும்பாலும் கை அசைவு, இறக்கை ஆட்டல் என்று போகும். யாரைப் பார்த்துத் திரும்புவது, யார் பின்னால் போனால் கப்பலுக்குப் போய்ச் சேரலாம் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். கீழே எல்லாப் பக்கமும் கடல். தவறான ஆள் பின்னால் போனால் எரிபொருள் தீரும் வரை பறக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தப் பட்டை பின்னால் வருகிறவனுக்காகப் பூசியது.

1938 ஜூலையில் ஒவ்வொரு கப்பலின் ஸ்குவாட்ரன்களையும் சேர்த்து ஒரு விமானக் குழு என்று முறைப்படி அமைத்து, அதற்கு ஒரு தளபதியையும் போட்டார்கள். கேக் என்ற பதவி அப்படி வந்ததுதான். 1963 கடைசியில் விமானக் குழு என்ற பெயர் போய் வேறு பெயர் வந்துவிட்டது, அந்தப் பழைய சுருக்கப் பெயர் மட்டும் இன்றுவரை போகவில்லை. மஞ்சள் இறக்கை அதற்கு முன்பே போய்விட்டது. 1940 டிசம்பர் 30-ஆம் தேதி உத்தரவு வந்தது, கப்பல் விமானங்கள் எல்லாம் இனி வெளிர் சாம்பல். போர் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

ஒரே காலையில் இரண்டு தளபதிகள்

1941 டிசம்பர் 7-ஆம் தேதி பேர்ல் ஹார்பர் மேலே வந்த முதல் அலையில் 183 ஜப்பானிய விமானங்கள். தலைமை புச்சிடா மிட்சுவோ. அவர் வந்தது அகாகி கப்பலின் மூன்று பேர் உட்காரும் குண்டுவீச்சு விமானத்தில். ஓட்டியது வேறொருவர், புச்சிடா நடு இருக்கையில் இருந்தார். ஜப்பானியக் கடற்படையிலும் உடம்பிலும் வாலிலும்தான் எல்லாமே எழுதியிருக்கும். அகாகி விமானங்களுக்கு உடம்பில் ஒற்றைச் சிவப்புப் பட்டை, காகாவுக்கு இரட்டைச் சிவப்பு, சோர்யூவுக்கு ஒற்றை நீலம், ஹிர்யூவுக்கு இரட்டை நீலம், ஷோகாகுவுக்கும் சுய்காகுவுக்கும் அதே வரிசையில் வெள்ளை. அதற்கு மேல் தலைமையைச் சொல்ல வாலில் குறுக்குக் கோடுகள். சிறு பிரிவின் தலைவருக்கு ஒரு கோடு, அடுத்த மட்டத்துக்கு இரண்டு, மொத்தத் தலைவருக்கு மூன்று. புச்சிடாவின் வாலில் சிவப்பும் மஞ்சளும் இருந்ததாகச் சொல்வார்கள். 182 விமானங்கள் பார்த்துப் பின்தொடர வேண்டிய வால் அது.

அந்தக் காலத்தில் வானத்தில் ஒரு செய்தி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் அன்று காலையே ஒரு சாட்சி இருக்கிறது. எதிரி அசந்திருந்தால் ஒரு மத்தாப்பு சுடுவேன், டார்பிடோ விமானங்கள் முதலில் போகட்டும். எதிரி விழித்திருந்தால் இரண்டு சுடுவேன், செங்குத்தாகப் பாயும் குண்டுவீச்சுக்காரர்கள் முதலில் போகட்டும். இதுதான் ஏற்பாடு. புச்சிடா ஒன்று சுட்டார். சண்டை விமானங்களின் ஒரு கூட்டம், சுகானாமி என்பவருடையது, அதைக் கவனிக்காமல் அப்படியே போய்க்கொண்டிருந்தது. சரி, பார்க்கவில்லை போலிருக்கிறது என்று அவர்களுக்காக இன்னொன்று சுட்டார். குண்டுவீச்சுக்காரர்களின் தலைவர் தகாஹாஷி இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டார். எதிரி விழித்துவிட்டான் என்று அவரும் பாய, டார்பிடோக்காரர்களும் பாய, போட்ட திட்டத்தின் வரிசை அங்கேயே கலைந்தது. இவ்வளவு நாள் ஒத்திகை பார்த்த படையிலேயே ஒரு மத்தாப்பின் நிலைமை இதுதான். இப்படிப்பட்ட வானத்தில் வாலில் பூசிய வண்ணம் எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். அது அணைந்து போகாது, எண்ணிக்கையும் தப்பாது.

அதே வானத்துக்கு அன்று இன்னொரு தளபதியும் வந்தார், தெரியாத்தனமாக. என்டர்பிரைஸின் விமானக் குழுத் தளபதி ஹோவர்ட் யங். கப்பல் ஹவாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தது, அவர் முன்னால் பறந்து வந்தார். வந்து சேர்ந்த நேரம் தாக்குதலின் நடுவில். ஜப்பானிய விமானங்கள் துரத்தின, தப்பித்துத் தரையை நெருங்கினால் சொந்த ஆட்களே சுட்டார்கள். எப்படியோ ஃபோர்டு தீவில் இறங்கினார். அன்றிரவு அதே கப்பலிலிருந்து வந்த ஆறு வைல்ட்கேட் விமானங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சொந்தப் பீரங்கிகள் சுட்டதில் மூன்று விமானிகள் இறந்தார்கள். பயந்துபோன பீரங்கிக்காரனுக்கு வாலில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படாது. 1942 மே மாதம் அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்புப் பொட்டை அழிக்கச் சொன்னார்கள். சிவப்பாக எதைப் பார்த்தாலும் ஜப்பான் என்று சுடுகிறார்கள் என்பதுதான் காரணம். வாலில் இருந்த சிவப்பு வெள்ளைக் கோடுகளும் அதோடு போயின.

தோமோனாகாவின் வால்

இதையெல்லாம் படித்துக்கொண்டு போகும்போது என் யோசனை திரும்பிய இடம் ஒன்று உண்டு. மிட்வே, 1942 ஜூன் 4.

அன்று காலை மிட்வே தீவைத் தாக்க 108 ஜப்பானிய விமானங்கள் போயின. தலைமை ஹிர்யூ கப்பலின் தோமோனாகா ஜோய்ச்சி. தீவின் மேலே அவருடைய விமானத்தில் குண்டு பாய்ந்து இடது இறக்கையின் எரிபொருள் தொட்டி ஓட்டையானது. இன்னொரு தாக்குதல் வேண்டும் என்று அவர்தான் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தியால் ஜப்பானியத் தளபதி, கப்பல்களைத் தாக்க வைத்திருந்த விமானங்களின் ஆயுதத்தைத் தீவுக்கான குண்டுகளாக மாற்றச் சொல்லி, பிறகு அதையும் நிறுத்தித் தடுமாறினார். காலை பத்தரை மணிவாக்கில் அமெரிக்கக் குண்டுகள் பட்டு அகாகி, காகா, சோர்யூ மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. மிச்சம் இருந்தது ஹிர்யூ மட்டும். அதிலிருந்து முதலில் போன குண்டுவீச்சு விமானங்கள் யார்க்டவுனை அடித்துவிட்டுக் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். மதியம் அடுத்த தாக்குதலுக்கு எஞ்சியது 10 டார்பிடோ விமானங்கள், துணைக்கு 6 ஜீரோ சண்டை விமானங்கள். அந்தப் பத்தில் ஒன்று, ஆறில் இரண்டு, வேறு கப்பல்களிலிருந்து வீடில்லாமல் வந்து இறங்கியவை.

இடது தொட்டியைச் சரிசெய்ய நேரம் இல்லை. தோமோனாகா அதே விமானத்தில் கிளம்பினார். காலையில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த ஹாஷிமோட்டோ என்ற அதிகாரி இந்தத் தடவை வேறு விமானத்தில் ஏறி இரண்டாவது பிரிவை வழிநடத்தினார். பிழைத்து வந்து பின்னாளில் சொன்னவரும் அவர்தான். கடும் பீரங்கிச் சூட்டுக்குள் தலைவருடைய மஞ்சள் வால் தனியாகத் தெரிந்தது என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எதிர்ப் பக்கத்தில் வைல்ட்கேட்டில் இருந்தவர் ஜான் தாட்ச். யார்க்டவுனிலிருந்து எழும்பிய உடனேயே ஒரு டார்பிடோ விமானத்தைப் பிடித்தார். அவருடைய நினைவில் அந்த வால் சிவப்பு, இறகு மாதிரியான வடிவங்களோடு, மற்ற விமானங்களில் பார்க்காத ஒன்று. சுட்டதில் இடது இறக்கை தீப்பிடித்தது. மேல்தோல் எரிந்து உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்கள் தெரியும் அளவுக்குத் தீ. அந்த நிலையிலும் விமானம் நேராகப் போய் டார்பிடோவைப் போட்டுவிட்டுத்தான் கடலில் விழுந்தது என்று தாட்ச் வியந்து சொல்லியிருக்கிறார். அந்த டார்பிடோ படவில்லை. ஹாஷிமோட்டோ பக்கம் போட்டதில் இரண்டு பட்டன. தோமோனாகாவின் பிரிவில் ஐந்து விமானத்தில் ஒன்றும் திரும்பவில்லை, ஹாஷிமோட்டோவின் பிரிவில் ஐந்து விமானமும் திரும்பின. முன்பு அடித்த அதே யார்க்டவுனைத்தான் மறுபடி அடித்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்கர்கள் அதற்குள் தீயை அணைத்து, கொதிகலன்களை எழுப்பி, கப்பலை ஓட வைத்திருந்தார்கள். பார்க்க வேறொரு புதுக் கப்பல் போலத் தெரிந்திருக்கிறது.

தாட்ச் சுட்டது தோமோனாகாவைத்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பின்னால் செய்த கணிப்பு. அதற்கு அவர்கள் பிடித்துக்கொண்டது இந்த வாலைத்தான். ஒருவர் மஞ்சள் என்கிறார், இன்னொருவர் சிவப்பு என்கிறார். மாடல் கட்டுகிறவர்கள் இதை வைத்து வருஷக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. நிறம் எதுவானாலும் இரண்டு பேருக்கும் அந்த வால் மட்டும் நினைவில் நின்றிருக்கிறது. ஒருவர் பின்தொடர வேண்டியவர், இன்னொருவர் சுட வந்தவர். பின்தொடர்கிறவனுக்காகப் பூசிய வண்ணம் சுடுகிறவனுக்கும் அதே அளவுக்குத் தெரியும். தலைவர் என்று எழுதி ஒட்டிக்கொண்டு, ஓட்டைத் தொட்டியோடு, முன்னால் போவது. என் மைத்துனன் சொன்ன தனி கேபினில் ஜோனல் மேனேஜருக்கு வெயில் படாமல் இருக்கும். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர். தலைவருடைய வண்ணம் அவருக்கு ஒரு வசதியையும் தரவில்லை, இன்னும் கொஞ்சம் ஆபத்தைத்தான் தந்தது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் உடனே இன்னொரு சிக்கல் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த நியாயம் 1942-க்குச் சரி. என் அலமாரியில் இருப்பது ஜெட் விமானம்.

சாம்பல் ஆட்சி

போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை கொஞ்ச காலம் கருநீலத்தில் இருந்தது. 1955-இல் மேலே வெளிர் சாம்பல், கீழே பளபளக்கும் வெள்ளை என்று மாறியது. அந்தச் சாம்பல் வெள்ளை மேல்தான் 60-களிலும் 70-களிலும் ஸ்குவாட்ரன்கள் இஷ்டத்துக்கு விளையாடின. வாலில் சூரியன், மண்டையோடு, நட்சத்திரம், மின்னல். வியட்நாம் கடலில் நின்ற கப்பல்களின் படங்களைப் பார்த்தால் திருவிழாக் கூட்டம்தான். தளபதியின் விமானத்தைக் கண்டுபிடிக்க அப்போது ஒரு அழகான வழி இருந்தது. வால் திசைமாற்றியில் பல நிறப் பட்டைகள், அல்லது பல நிற நட்சத்திரங்கள், கப்பலில் இருக்கும் ஸ்குவாட்ரன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமாக. தளபதிக்கென்று சொந்த நிறம் ஒன்றை யாரும் கொடுக்கவில்லை. எல்லோருடைய நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அவர் வாலில் வைத்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் விங் கமாண்டர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளையே விமானத்தில் எழுதிக்கொண்டார்கள், ஜானி ஜான்சனின் ஸ்பிட்ஃபயரில் ஜே-ஈ-ஜே என்று இருக்கும். அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

70-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் வண்ணம் எல்லாம் போனது. கண்ணால் முதலில் பார்க்கிறவன்தான் முதலில் சுடுவான் என்ற கணக்கு மறுபடி மேலே வந்தது. இரண்டு மூன்று மங்கிய சாம்பல்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நாட்டுச் சின்னமான நட்சத்திரம்கூட சாம்பல் மேல் சாம்பல். இப்போதைய விமானத்தில் தலைவர் எங்கே என்று ஜன்னல் வழியாகத் தேட வேண்டியதில்லை, டேட்டா லிங்க் திரையில் எல்லோரும் எங்கே என்று தெரியும். பாதிப் பறப்பு இருட்டில் நடக்கிறது. ஆக, தோமோனாகாவின் வால் செய்த வேலை எதையும் கறுப்பு வால் இன்று செய்யவில்லை. ஆனாலும் ஸ்குவாட்ரனுக்கு ஒன்று, சில சமயம் ஸ்குவாட்ரன் தலைவரின் 01-ஆம் எண்ணையும் சேர்த்து இரண்டு, வண்ணத்தோடு இருக்க விட்டுவைத்தார்கள். ஏன் விட்டார்கள்?

தலைவர்கள் முன்னால் போவது நின்றுவிட்டது, வண்ணம் மட்டும் மிஞ்சியது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது உண்மை இல்லை. 1944 அக்டோபர் 24-ஆம் தேதி ஒரே பறப்பில் ஒன்பது விமானங்களை வீழ்த்திய டேவிட் மெக்கேம்ப்பெல், எஸ்ஸெக்ஸ் கப்பலின் விமானக் குழுத் தளபதி. மின்சி III என்று பெயர் எழுதிய அவருடைய ஹெல்கேட் விமானத்தில் கடைசியில், வீழ்த்திய விமானத்துக்கு ஒன்றாக, 34 சின்னக் கொடிகள் இருந்தன. 1965 செப்டம்பர் 9-ஆம் தேதி வடக்கு வியட்நாமில் ஸ்கைஹாக் விமானத்திலிருந்து குதித்துப் பிடிபட்டு ஏழரை வருஷம் சிறையில் இருந்த ஜேம்ஸ் ஸ்டாக்டேல், ஒரிஸ்கனி கப்பலின் விமானத் தளபதி. 1983 டிசம்பர் 4-ஆம் தேதி லெபனானில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஏ-7 விமானத்திலிருந்து குதித்துக் கடலில் மீட்கப்பட்ட எட்வர்ட் ஆண்ட்ரூஸ், இண்டிபெண்டன்ஸ் கப்பலின் விமானத் தளபதி. சாம்பல் ஆட்சி வந்த பிறகும் அவர்கள் முன்னால்தான் போனார்கள். அதற்கு வண்ணம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

யாருடைய விமானம்

இந்த இடத்தில் என்னை மாற்றியது ஒரு சின்ன விஷயம். காக்பிட் கண்ணாடிக்குக் கீழே ஓரத்தில் எழுதியிருக்கும் பெயர். உண்மையான விமானத்தை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய 1:72 மாடலில் அதை ஒட்ட உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும், அதனால் நான் பெரும்பாலும் அலட்சியமாக விட்டுவிடுவேன். ஒரு கப்பலில் சண்டை விமான ஸ்குவாட்ரன்கள் நான்கு. 100, 200, 300, 400 என்று நான்கிலும் தளபதியின் பெயர் இருக்கும். மின்னணுப் போர் விமானம் 500, ராடார் தட்டைச் சுமக்கும் ஹாக்கை 600, அவற்றிலும் அவருக்கு ஒரு விமானம் உண்டு. ஹாக்கையில் இரண்டு சுழல் என்ஜின், ஐந்து பேர். ஹார்னெட் ஓட்டி வளர்ந்த தளபதி அதை ஓட்டப்போவதில்லை. ஹெலிகாப்டரும் அப்படித்தான். அவரால் உட்காரவே முடியாத விமானங்களில் அவர் பெயர் இருக்கிறது.

உட்கார முடிந்த விமானத்திலும் அவர் தினமும் உட்கார்வதில்லை. எந்த விமானம் யாருக்கு என்பதை அன்றன்றைய பறப்புப் பட்டியலும், எது ஓடும் நிலையில் இருக்கிறது என்பதும்தான் முடிவு செய்யும். 200-ஆம் எண் தயாராக இருந்தால், போன வருஷம் பயிற்சி முடித்து வந்த இளம் லெஃப்டினென்ட் அதில் ஏறிப் போவான். தளபதியின் பெயர் எழுதிய விமானத்தில் அவனும், அவன் பெயர் எழுதிய 207-இல் வேறொருவரும். யார் பெயர் எங்கே இருந்தாலும் விமானத்தைத் துடைப்பது, கட்டுவது, விமானியை உள்ளே உட்காரவைத்து வாரைப் பூட்டுவது பழுப்புச் சட்டை போட்ட பிளேன் கேப்டன். இருபது வயதை ஒட்டிய பையனாகவோ பெண்ணாகவோ இருக்கும்.

வண்ணம் பூசுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். கப்பலில் உப்புக் காற்று எதையும் விடாது. சாம்பல் விமானத்தில் துரு தெரிந்த இடத்தைச் சுரண்டி, மருந்து வைத்து, கையில் இருக்கிற சாம்பலைத் தொட்டு வைப்பார்கள். அது பழைய சாம்பலோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. சில மாதத்தில் விமானம் முழுக்கத் திட்டுத் திட்டாக, சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் மாடலில் அந்தத் திட்டுகளைக் கொண்டுவரப் படாத பாடு படுகிறோம், அங்கே அவர்களுக்கு அது தினப்படி எரிச்சல். அப்படி வருஷம் முழுக்கச் சாம்பல் திட்டு வைத்துக்கொண்டிருக்கும் கைகளுக்கு, ஸ்குவாட்ரனில் ஒரே ஒரு விமானத்தில் மட்டும் கோடு பிசகாமல், பளபளப்பாக, தங்கள் சின்னத்தை முழு நிறத்தில் வரைய அனுமதி கிடைக்கிறது. அந்த அனுமதிச் சீட்டில் இருக்கிற பெயர்தான் தளபதியுடையது. அவர் ஒன்றரை இரண்டு வருஷத்தில் மாறிப் போய்விடுவார். ஓரத்தில் இருக்கிற பெயரை அழித்து அடுத்தவர் பெயரை எழுதுவார்கள். மண்டையோட்டை யாரும் தொடமாட்டார்கள்.

ஜப்பானில் இதற்கு ஒரு தனி ரசிகர் கூட்டமே உண்டு. அமெரிக்கக் கடற்படை விமானங்கள் இருந்த அட்சுகி தளத்தின் வேலி ஓரத்தில், 2018-இல் விமானங்கள் எல்லாம் இவாகுனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே, பெரிய லென்ஸும் சின்ன ஏணியுமாகக் காத்திருப்பார்கள். சாம்பல் விமானம் இறங்கினால் அதையும் எடுப்பார்கள். ஆனால் காத்திருப்பது சைபர் சைபருக்காக. நமக்கு டெக்கல் தாளில் வருகிற விவரங்களில் கணிசமான பங்கு இந்த மாதிரி வேலி ஓரத்து ஆட்கள் எடுத்த படங்களிலிருந்து வருவதுதான். தளபதி யார் என்று கேட்டால் அவர்களில் பாதிப் பேர் யோசிக்க வேண்டியிருக்கும். எந்த விமானம் என்று கேட்டால் வால் பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கும் ஆறு இலக்க எண்ணை ஒப்பிப்பார்கள்.

அந்த ஆறு இலக்க எண்தான் விமானத்தின் உண்மையான அடையாளம், தொழிற்சாலையிலிருந்து குப்பைக்குப் போகும் வரை மாறாது. மூக்கில் இருக்கும் 200 மாறும். அந்த உடம்பு பெரிய பழுதுபார்ப்புக்குப் போனாலோ வேறு ஸ்குவாட்ரனுக்குக் கொடுத்தாலோ, கறுப்பு வாலைச் சாம்பலாக்கிவிட்டு 306 என்றோ 412 என்றோ எழுதி அனுப்பிவிடுவார்கள். பழைய ஸ்குவாட்ரனில் வேறொரு சாம்பல் உடம்பைப் பிடித்து, அதன் மேல் 200 எழுதி, மண்டையோட்டை முதலிலிருந்து வரையத் தொடங்குவார்கள்.